சிந்தனைக் குழாங்களும் மலையக மக்களும்: கலவானப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நாட்டின் கொள்கைகள் பாராளுமன்றத்தில் மட்டும் பிறப்பதில்லை. சட்டமூலம் ஒன்று சபைக்கு வருமுன்னரே, எது பிரச்சினை, அது யாருடைய பிரச்சினை, அதனை எந்த அளவுகோலால் அளப்பது என்பன வேறோரிடத்தில் பெருமளவு தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. கடந்த நூறாண்டுகளில் அவ்விடத்தை மெல்ல மெல்லத் தமதாக்கிக் கொண்டவை, ‘சிந்தனைக் குழாம்’ என இன்று வழங்கப்பெறும் கொள்கை ஆய்வு நிறுவனங்களாகும். 1916 இல் அமெரிக்காவிலே தோன்றிய புரூக்கிங்ஸ் நிறுவனம், 1920 இல் இலண்டனில் நிறுவப்பட்ட சத்தம் ஹவுஸ் முதலியவற்றை இவற்றின் முன்னோடிகளாகக் கொள்வர்.

ஆள்வோருக்கு அறிவுடையோர் துணை வேண்டும் என்பது தமிழ் மரபுக்குப் புதிய கருத்தன்று. பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையையே ஆள்வோனுக்கு வேண்டினார். எனவே, இக்காலச் சிந்தனைக் குழாங்களை மதிப்பிடுவதற்கும் அவை எத்தனை நூல்களை வெளியிட்டன என்பதிலும் பார்க்க, யாரை நோக்கி எதனை இடித்துரைத்தன, அதனால் யாருடைய வாழ்வு மாறிற்று என்பனவே தக்க வினாக்களாகும்.

இவ்வினாக்களுக்கு விடை காண, கொழும்பின் கருத்தரங்கு மண்டபங்களை விட்டு இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானப் பிரதேசத்துக்குச் செல்லுதல் பயனுடைத்து. தெற்கே சிங்கராஜ வனம். அதன் ஓரமாகத் தாழ்நிலத் தேயிலையும் றப்பரும். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள். ஆய்வறிவு அரசின் கொள்கையை மாற்றிய வரலாறும், மாற்றத் தவறிய வரலாறும் இங்கு அருகருகே காணப்படுகின்றன.

ஓர் அறிக்கையும் ஒரு சட்டமும்

மலையக மக்கள் பற்றிய நிபுணர் ஆய்வு, சிந்தனைக் குழாங்களுக்கு முற்பட்டது. 1930களில், இந்தியத் தொழிலாளரின் வருகை இலங்கையரின் தொழில்வாய்ப்பைப் பறிக்கின்றது என்ற குரல் ஓங்கியபோது, அதனை விசாரித்து அறிக்கையிடும் பொறுப்பு சேர் எட்வேட் ஜாக்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1938 இல் வெளிவந்த அவரது அறிக்கை, அக்குற்றச்சாட்டுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றும், நாட்டின் பொருளாதாரத்துக்கு அத்தொழிலாளரின் உழைப்பு இன்றியமையாதது என்றும் காட்டிற்று. பத்தாண்டுகள் கழிந்தன. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போமென ஒத்திவைத்தது. பிரிக்கப்பட்டோரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. உண்மை தெரியாமையால் மட்டும் தவறான கொள்கை உருவாவதில்லை. உண்மை அச்சிடப்பட்டு அலுமாரியில் இருக்கும்போதும் அது உருவாகலாம். வாக்குரிமை இழந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றிய உண்மைக்கு, அதனை நடைமுறையாக்கும் அரசியல் வலு இல்லாதொழிகின்றது.

நிறுவனங்களின் தோற்றம்

சுதந்திர இலங்கையில் கொள்கை ஆய்வு நிறுவன வடிவம் பெற்றமை 1970களிலாகும். 1972 இல் கொட்பிறி குணதிலக்க முதலியோர் மார்கா நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1977 இல் சமூக விஞ்ஞானிகள் சங்கமும், 1982 இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும் உருவாயின. 1988 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் நிறுவப்பட்ட கொள்கைக் கற்கைகள் நிறுவகம் 1990 இல் இயங்கத் தொடங்கிற்று. 1996 இல் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும், 2001 இல் வறுமை ஆராய்ச்சி நிலையமும் இவ்வரிசையிற் சேர்ந்தன. கண்டியில் 1972 இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதயம், ஆய்வையும் தோட்ட மக்களிடையேயான பணியையும் ஒருங்கே மேற்கொண்டது.

இவற்றின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமாகாது. இன முரண்பாடு நாட்டைப் பிளந்த காலத்தில், அதிகாரப் பகிர்வு பற்றிய சிந்தனையை உயிர்ப்புடன் வைத்திருந்தவற்றுள் இந்நிறுவனங்கள் முக்கியமானவை. இனத்துவக் கற்கைகளுக்கான நிலையத்தின் உயிர்நாடியாக விளங்கிய கலாநிதி நீலன் திருச்செல்வம், 1990களின் நடுப்பகுதியில் முன்வைக்கப்பட்ட அரசியலமைப்பு ஆலோசனைகளின் ஆக்கத்திற் பெரும் பங்கு கொண்டார்; 1999 யூலை 29 ஆந் திகதி கொல்லப்பட்டார். சிந்திப்பதற்கு இந்நாட்டிற் செலுத்தப்பட்ட விலை அத்தகையது.

எனினும், அரசியலமைப்பின் உறுப்புரைகளிற் காட்டப்பட்ட கூர்மை, லயக் காம்பராக்களின் வாழ்வைப் பொறுத்தவரை பலன் தந்ததா என்பது வேறு வினா. அதற்கு விடை காண்பதற்கு முன், அயலிலுள்ள வனத்தின் கதையை நோக்குதல் வேண்டும்.

வனம் பெற்ற பேறு

1970களின் முற்பகுதியில், கொஸ்கமையில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வழங்கும் பொருட்டுச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டும் வேலை தொடங்கியது. அத்திட்டத்தின் பின்னணியில் வெளிநாட்டு உதவியும் நிபுணர் கணிப்புக்களும் இருந்தன. அதற்கெதிராக இயற்கை ஆர்வலரும் பல்கலைக்கழகத் தாவரவியலாளரும் பத்திரிகைகளும் குரலெழுப்பினர். அவ்வனத்தின் மரவினங்களுள் அறுபது வீதத்துக்கு மேற்பட்டவை இந்நாட்டுக்கே உரியவை என்பது பின்னர் உலகறிந்த உண்மையாயிற்று. 1977 இல் ஆட்சி மாறியதையடுத்து மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் அவ்வனம் உயிரினக் கோளக் காப்பகமாகவும், 1988 இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது.

இது அறிவு அடைந்த வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின், அறிவு தனித்து நின்று அவ்வெற்றியை ஈட்டவில்லை. விஞ்ஞானியின் ஆதாரம், பொதுமக்களின் குரல், ஆட்சி மாற்றம் தந்த வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஒன்று கூடின. அன்றியும், ஒரு நிபுணர் கூட்டம் ‘வெட்டலாம்’ என்றபோது மற்றொரு கூட்டம் ‘வெட்டலாகாது’ என்றது. நிபுணத்துவம் என்பது ஒற்றைக் குரலன்று. எந்த நிபுணர் எவர் பக்கம் நிற்கின்றார் என்பதே முக்கியம்.

இன்று கலவான ஊடாக வெத்தாகல, குடாவ வழியே வனத்தைக் காணச் செல்லும் ஆய்வாளரும் பயணிகளும் பலர். அவ்வழியிலுள்ள தோட்டங்களின் மக்களைப் பற்றி அத்தகைய அறிவுத் திரட்சி எதுவும் ஏற்படவில்லை. மலையகம் என்றதும் நுவரெலியாவும் பதுளையும் நினைவுக்கு வருவது ஆய்வாளரிடையேயும் வழக்கமாகிவிட்டது. சப்பிரகமுவத் தமிழர் சிதறி வாழ்பவர். அவர்களின் வாக்குகள் ஓர் உறுப்பினரைத் தெரிவதற்கே பெரும்பாலும் போதுமானவையல்ல. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்களும், அவற்றைத் தொடர்ந்த இடப்பெயர்வும் அவர்களை மேலும் நலிவுறச் செய்தன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட முதல் 4,000 தோட்ட வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே உரியனவாயின. அடுத்து அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளின் திட்டத்திலேயே சப்பிரகமுவ இடம்பெற்றது. ஆய்வில் முந்தியிருப்போர் கொள்கையிலும் முந்துவர். ஆய்வுக்கு வெளியே நிற்போர் வரிசையின் கடைசியில் நிற்பர்.

அளவுகோலின் அரசியல்

கொள்கை ஆய்வின் முதற் கருவி புள்ளிவிபரம். அது நடுநிலையானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. தோட்டத்துறையின் வறுமை பற்றிய உத்தியோகபூர்வக் கணக்குகள் அவ்வெண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றன.

2006/07 இல் தோட்டத்துறை மக்களுள் 32 வீதத்தினர் வறியவர் எனத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தது. 2009/10 இல் அது 11.4 வீதமாயிற்று, 2016 இல் 8.8 வீதமாகக் குறைந்தது. அதன்பின் 2019 ஆம் ஆண்டுக் கணிப்பில் அது 33.8 வீதமாயிற்று. மூன்றாண்டுகளில் வறுமை நான்கு மடங்காகப் பெருகியதா எனின், இல்லை. வறுமைக் கோடு புதிய அடிப்படையில் மீள வரையப்பட்டது, அவ்வளவே. அதே கணிப்பில் நகரத்துறையின் வறுமை 6 வீதம். கிராமியத்துறையினது 15 வீதம். கோடு மீள வரையப்பட்டபோது, ஏற்கெனவே இருந்தும் காணப்படாதிருந்தவர்கள் காணப்பட்டார்கள். கோடு பழையதாயிருந்த காலமெல்லாம், தோட்டங்களில் வறுமை ஒழிந்து வருகின்றது என்ற கூற்றுக்கு அரசாங்கத்தின் எண்ணே சான்றாயிருந்தது. ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானை கொழும்பில் வரையப்படும் ஒரு கோட்டினால் நிறைவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் அக்குடும்பத்துக்கு உதவி உண்டா இல்லையா என்பதை அக்கோடு தீர்மானிக்க வல்லது.

கலவான போன்ற பிரதேசங்களில் இதனினும் நுண்ணிய ஒரு சிக்கல் உண்டு. இருபது ஏக்கருக்கு மேற்பட்டதும், பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரைக் கொண்டதுமான காணியே புள்ளிவிபரக் கணக்கில் ‘தோட்டம்’ எனப்படும். 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தின் பின் நிலவுடைமை துண்டாடப்பட்டதும், சிற்றுடைமைத் தேயிலை ஓங்கி நிற்பதுமான தாழ்நிலப் பகுதியில், அச்சிறு காணிகளில் வாழ்ந்து கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பம் ‘கிராமியத்துறை’க்குள் அடங்கிவிடுகின்றது. தொழிலாற் பரம்பரைத் தோட்டத் தொழிலாளி, கணக்கிலோ கிராமவாசி. ‘பேர்’, ‘அரைப்பேர்’, ‘கைக்காசு’ எனத் தன் நாளையே துண்டு துண்டாக அளந்து கூலி பெறும் ஒருவர், நாட்டின் பேரேட்டில் எந்தப் பத்தியிலும் தம் உருவிற் பதியப்படுவதில்லை. பெருந்தோட்டச் சமூகத்தின் அபிவிருத்திக்கென 2006 - 2015 காலத்துக்கும், 2016 - 2020 காலத்துக்கும் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டங்களைப் போன்றவை இப்பகுப்பின் மீதே நிற்குமாயின், பகுப்புக்கு வெளியே நிற்பவர் திட்டத்துக்கும் வெளியே நிற்பர். சிந்தனைக் குழாங்கள் முதலில் இடித்துரைத்திருக்க வேண்டிய விடயம் இதுவாகும். தரப்பட்ட பகுப்பை அவ்வாறே ஏற்று அதன்மேல் அட்டவணைகள் அமைப்பது எளிது. பகுப்பையே கேள்விக்குள்ளாக்குவது அரிது.

எச்சரிக்கையும் நிலமும்

ஆய்வு முற்றிலும் சரியாக அமைந்தபோதும் அது பயனற்றுப் போகக்கூடும் என்பதற்கு மண்சரிவுகள் சான்றாகும். 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அரசின் தொழில்நுட்ப நிறுவனமேயன்றிச் சிந்தனைக் குழாம் அன்று. எனினும், அறிவுக்கும் நடவடிக்கைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க அதன் அனுபவம் உதவுகின்றது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் வாழ்ந்தோருக்கு 2005 இலும் 2011 இலும் ஆபத்துப் பற்றி எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய ஆகிய இடங்களிலும், 2017 மே மாதத்தில் கலவான உட்பட இரத்தினபுரி மாவட்டத்தின் பல பகுதிகளிலும் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களைக் காவு கொண்டன.

எச்சரிக்கப்பட்ட மக்கள் ஏன் அகலவில்லை என்ற வினா பின்னர் எழுப்பப்பட்டது. கேட்கப்பட வேண்டிய வினா, அவர்கள் எங்கே அகல்வது என்பதேயாகும். தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 இன் பின் அதன் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையிலுள்ளது. லயத்தில் வாழ்பவருக்குத் தம் காம்பராவின் மீதோ அது நிற்கும் நிலத்தின் மீதோ உரித்து இல்லை. தம் விருப்பப்படி ஒரு குடிசையேனும் வேறிடத்தில் அமைக்க இயலாதவரிடம், ‘இவ்விடம் ஆபத்தானது’ என்று கூறுவது அரை உண்மையாகும். மறு பாதியான நில உரிமையைக் கூறாத ஆய்வு, எவ்வளவு நுட்பமானதாயினும், துயரத்தை முன்னறிவிக்குமேயன்றித் தடுக்காது.

உள்ளூராட்சியிலும் இதே நிலைதான். 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் தடையின்றிச் செலவிட இடந்தரவில்லை. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். சபை அவர்களின் பாதையைச் செப்பனிடுதல் ஆகாது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் போன்ற அமைப்புக்களும், மலையகக் கல்விமான்களும், தொழிற்சங்கங்களும் இதனைப் பல்லாண்டுகளாக எடுத்துரைத்தனர். 2018 இலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆய்வு, சமூகத்தின் அமைப்பு வலுவோடு கைகோத்த இடத்திற் பயன் விளைந்தது. ஆயினும் அதற்கு முப்பத்தொரு ஆண்டுகள் தேவைப்பட்டன.

கடல் கடந்தும் அதே கதை

தோட்ட வருமானம் போதாமையால் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் மலையகப் பெண்ணொருத்தி, இரு கரைகளிலும் பிறர் வகுக்கும் கொள்கைகளுக்கு ஆட்படுகின்றாள். இக்கரையில் 2013 இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கட்டாயமாக்கப்பட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பிள்ளையின் நலனைக் காரணங் காட்டிய அவ்விதி, தந்தையரிடம் அத்தகைய அறிக்கை எதனையும் கேட்கவில்லை. அதன் விளைவுகளைக் கொள்கைக் கற்கைகள் நிறுவகத்தினர் தரவுகளோடு ஆராய்ந்து, எதிர்பாராத தீமைகளைச் சுட்டினர். விதி தளர்த்தப்பட்டதோ 2022 இல், நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்த வேளையில். ஐந்து வயதெல்லை இரண்டாயிற்று. ஆய்வு சொன்னதற்கும் அரசு செய்ததற்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் அரசைச் செய்வித்தது ஆய்வு என்பதிலும் பார்க்க டொலர் தட்டுப்பாடு என்பதே பொருந்தும்.

அக்கரையிலும் சிந்தனைக் குழாங்களுக்குக் குறைவில்லை. 1968 இல் கெய்ரோவில் அல்-அஹ்ராம் நிலையமும், 1994 இல் அபுதாபியில் எமிரேட்ஸ் கேந்திரோபாய ஆய்வு நிலையமும், 2010 இல் தோஹாவில் அரபு ஆய்வு நிலையமும் நிறுவப்பட்டன. அறிவும் வளமும் நிறைந்த இவை, பெரும்பாலும் அரசின் அல்லது ஆளும் குடும்பங்களின் ஆதரவில் நிலைபெற்றவை. பிராந்திய அரசியல், எண்ணெய், பாதுகாப்பு ஆகியவற்றை நுணுகி ஆராயும் அவற்றிலிருந்து, தம் புரவலரின் வீட்டுச் சமையலறையில் உழைக்கும் அயல்நாட்டுப் பெண்ணின் உரிமை பற்றிய வன்மையான குரலை எதிர்பார்ப்பது கடினம். கட்டாரில் 2020 இல் ‘கபாலா’ எனும் பொறுப்பாளர் முறை பெரிதும் தளர்த்தப்பட்டமைக்கு, 2014 இல் சர்வதேச தொழில் நிறுவனத்தில் எழுந்த முறைப்பாடும், 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை முன்னிட்டு எழுந்த உலகின் விமர்சனமும் முக்கிய காரணங்களாகும். சவூதி அரேபியாவில் 2021 இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்தது.

இலங்கை நிறுவனங்கள் அரபு நிறுவனங்களிலும் பார்க்கச் சுதந்திரமானவை என்பதை ஏற்கலாம். ஆயினும், அங்கு புரவலன் அரசனாயின் இங்கு புரவலர் பல வேளைகளில் வெளிநாட்டு உதவி நிறுவனங்களாவர். அரசன் விரும்பாத வினா அங்கு எழுவதில்லை. நிதி கிடைக்காத வினா இங்கு நெடுநாள் உயிர்வாழ்வதில்லை.

வினா எழுப்பும் உரிமை

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. உண்மையைக் கண்டு கூறுவதே ஆய்வாளனின் கடமை. அதனை நிறைவேற்றுவது மக்களால் தெரிவு செய்யப்பட்டோரின் கடமை. தெரிவு செய்யப்படாத நிபுணர் கொள்கையைத் தீர்மானிக்க முற்படின் சனநாயகமே கெடும் என்பர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயின், அது சிந்தனைக் குழாங்களைப் பொறுப்பினின்று விடுவிப்பதில்லை. அவற்றின் பொறுப்பை வேறொரு திசைக்குத் திருப்புகின்றது. ஆய்வின் முடிவை அமைச்சரிடம் ஒப்படைப்பதோடு கடமை முடிந்துவிடுமாயின், கொள்கை மாறாமைக்கு அமைச்சரைக் குறை கூறலாம். அம்முடிவு ஆய்வுக்குள்ளான மக்களிடமும் ஒப்படைக்கப்படுமாயின், அமைச்சரிடம் கணக்குக் கேட்க வாக்காளர் இருப்பர். இந்நாட்டின் கொள்கை ஆய்வுகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே முதலில் எழுதப்படுகின்றன. தமிழிற் கிடைப்பது பல சந்தர்ப்பங்களில் ஒரு சுருக்கம். அதுவும் லயத்தை அடைவது அரிது.

எனவே, ஒரு சிந்தனைக் குழாத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை. வினாக்கொத்தைத் தயாரித்தவர் யார்? விடை எம்மொழியில், யாரிடம் மீண்டது? முடிவு பிழைத்தாலோ புறக்கணிக்கப்பட்டாலோ அதனால் துன்புறுவோரிடம் எவர் பதில் கூறுவார்? இவ்வினாக்களுக்கு முன் இன்றைய நிறுவனங்களுட் பல தடுமாறும். பல்கலைக்கழகங்களும் தடுமாறும் என்பதை மறைத்தலாகாது. இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில், 1995 முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரின் தொகை சிறிதாயினும், அவர்கள் இரு மொழியை அறிந்தவர்: ஒன்று ஆய்வின் மொழி, மற்றது பிரட்டுக்களத்தின் மொழி. பகுப்புக்குள் அடங்காத குடும்பங்களை எண்ணுவதற்கும், ஆங்கில அறிக்கையின் சாரத்தைப் பிள்ளைக் காம்பராவின் திண்ணையில் எடுத்துரைத்து ‘இது சரிதானா?’ என்று கேட்பதற்கும் கொழும்பின் நிதியுதவி கட்டாயமன்று. தமிழ்ச் சங்கங்கள் மொழியை வளர்ப்பதென்பது இத்தகைய பணியையும் உள்ளடக்குமாயின், அம்மொழிக்கு அது பெருமையே.

சிங்கராஜ வனத்தின் மரங்கள் பேசமாட்டா. அவற்றுக்காகப் பிறர் பேசினர், வனம் பிழைத்தது. அதே மலையின் மறுபுறத்து லயங்களில் வாழ்வோர் பேச வல்லவர். அவர்களுக்காகப் பிறர் பேசுவது 1938 இலும் போதவில்லை; இன்றும் போதாது. அவர்கள் கேட்கும் வினாவே ஆய்வின் முதல் வினாவாக அமையும் நாளில்தான், சிந்தனைக் குழாம் என்ற பெயர் தன் முழுப் பொருளையும் பெறும்.